முடிவெடுக்கும் வேலையை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள்: ஜப்பானிய ஆர்பிஜி படைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானிய ஆர்பிஜி (ரோல்-பிளேயிங், ஒரு பாத்திரமாக மாறி ஆடும்) கேம்களை இயக்குபவர்களுக்கும், அவற்றின் சண்டை அமைப்பை வடிவமைப்பவர்களுக்கும், பணம் போட்டு வெளியிடுபவர்களுக்கும்:

மேற்கத்திய ஆர்பிஜிகள் எங்கேயோ போய்விட்டன, நீங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள் என்ற பேச்சு 2010 வாக்கில் பலமாகக் கிளம்பியது. இன்றுவரை ஓயவில்லை. அந்தப் பேச்சுக்கு உங்களில் பெரிய ஸ்டுடியோக்கள் கொடுத்துவரும் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. டர்ன்-பேஸ்ட் சண்டையை, அதாவது இரு தரப்பும் முறை வைத்து அடிக்கும் சண்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆக்‌ஷனுக்கு மாறினீர்கள். மேப்பை அகலமாக்கி அதில் கோபுரங்களை நட்டீர்கள். பழசாகிப்போனது எது என்று பார்க்காமலேயே, நன்றாக இருந்ததைத் தூக்கி எறிந்திருக்கிறீர்கள்.

2023 ஜூனில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 16-ஐ எடுத்துக்கொள்வோம். நெருப்பு, காற்று, இடி, பனி என்று வரிசையாகச் சக்திகள் கிடைக்கின்றன. நெருப்பாலேயே ஆன எதிரியின் மேல் நெருப்பை வீசினாலும் பனியை வீசினாலும் ஒரே அடிதான். விஷம், தூக்கம், குருடு எதுவும் கிடையாது. புது வாள் கிடைத்தால் பழையதைக் கழற்றி இதை மாட்ட வேண்டியதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. ஆக்‌ஷன் கேமாக அது நன்றாகவே ஓடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 1987-இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியை ஆரம்பித்த உடனே ஆறு வகை வீரர்களிலிருந்து நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மந்திர நிலையிலும் நான்கு மந்திரங்கள் விற்பார்கள், ஒருவருக்கு மூன்றுதான் இடம், எதை விடுவது என்று கடை வாசலில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. 36 வருடம் கழித்து வந்த கேமில் அந்தக் கேள்விகளுக்குக்கூட இடமில்லை.

அதே 2023-இல், இரண்டே மாதம் கழித்து பால்டர்ஸ் கேட் 3 வந்தது. முழுக்க முழுக்க டர்ன்-பேஸ்ட். உலகம் முழுக்க அதைக் கொண்டாடினார்கள். அதில் எதிரியின் மேல் தண்ணீர்க் குப்பியை வீசி நனைத்துவிட்டு மின்னலை இறக்கினால் அடி இரட்டிப்பாகிறது. மேட்டு விளிம்பில் நிற்பவனைத் தள்ளிவிட்டால் அவனுடைய ஹெச்பி (மிச்சமுள்ள உயிர்) எவ்வளவு என்ற கணக்கே தேவையில்லை. இறந்தவர்களோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு: நீங்களே கொன்ற ஆளின் பிணம் உங்களோடு பேச மறுக்கும், வேடம் மாற்றும் மந்திரத்தைப் போட்டு வேறு முகத்தோடு போய்க் கேட்டால் பேசும். இதை எந்தக் குவெஸ்ட் (பணி) பட்டியலும் சொல்லித் தருவதில்லை. இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று ஆடுபவர் நினைக்கிறார், கேம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது.

2025 ஏப்ரலில் பிரான்ஸிலிருந்து வந்த க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33-ம் டர்ன்-பேஸ்ட்தான். எதிரி அடிக்கும் நொடியில் பட்டனை அழுத்தித் தடுப்பதையும் விலகுவதையும் பாராட்டாதவர்கள் இல்லை. அது 1996-இல் சூப்பர் மாரியோ ஆர்பிஜி-யில் நீங்களே செய்து காட்டியதன் வாரிசு. உங்கள் சொத்தை நீங்கள் பழசு என்று ஒதுக்கிய நேரத்தில், வெளியே இருப்பவர்கள் எடுத்துத் துடைத்து அதையே உங்கள் ரசிகர்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பழசானது எது? சாதாரணச் சண்டை. பாஸ் (பெரிய எதிரி) சண்டையில்லை, வழியில் வந்துபோகும் அந்த நூற்றுக்கணக்கான சண்டைகள்.

திரை மாறும் அனிமேஷன், நான்கு பேருக்கும் ‘தாக்கு’ என்று கட்டளை, அடி விழும் காட்சி, வெற்றி இசை, புள்ளிகள் ஏறும் பலகை. எப்படிச் சுருக்கினாலும் அரை நிமிடம் ஆகும். ஒரு டஞ்சனில் (எதிரிகள் நிறைந்த குகை, கோட்டை போன்ற இடத்தில்) இப்படி 40 சண்டை என்று வையுங்கள், 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் ஆடுபவர் எடுத்த முடிவு எத்தனை? ஒரே பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் ஜெயிக்க முடிகிறது என்றால் ஒன்றுமே இல்லை. ஒருகாலத்தில் இதற்கு நியாயம் இருந்தது: எம்பி (மந்திரம் போடும் சக்தி) குறைந்துகொண்டே போகும், வெளியே போக வழி தூரம், இன்னும் இரண்டு அறை தாங்குவோமா என்ற கவலைதான் அங்கே ஆட்டம். பிறகு பாஸ் அறை வாசலில் முழுசாகக் குணமாக்கும் சேவ் பாயிண்ட்டை வைத்தீர்கள். ஒவ்வொரு லெவலுக்கும் ஹெச்பி-யை நிரப்பினீர்கள். வசதிதான். ஆனால் கவலை போன பிறகு அந்த 40 சண்டைகள் எதற்காக இன்னும் அங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. சண்டையின் காரணத்தை எடுத்துவிட்டுச் சண்டையை மட்டும் விட்டுவைத்ததுதான் சலிப்பின் வேர்.

எண்கள் பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசமாகிறது. டிராகன் குவெஸ்ட் தொடரின் பழைய அடிக் கணக்கு மிக எளிமையானது: தாக்கும் பலத்தில் பாதி, அதிலிருந்து எதிரியின் தற்காப்பில் கால் பங்கு கழியும், மேலே கீழே கொஞ்சம் தற்செயல். பலம் 40, எதிரியின் தற்காப்பு 20, ஹெச்பி 40 என்றால் ஓர் அடிக்குச் சுமார் 15. மூன்று அடி வேண்டும். கடையில் 12 புள்ளி கூடுதலான வாளை வாங்கினால் ஓர் அடிக்கு 21, இரண்டே அடி. மூன்று இரண்டாவது என்றால் எதிரி ஒருமுறை குறைவாக அடிப்பான், மருந்து மிச்சம், இன்னோர் அறை உள்ளே போகலாம். ஒரு வாள் வாங்கியதன் பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அடி 84,312 என்றும், அடுத்த வாளோடு 91,076 என்றும் திரையில் பறக்கும்போது ஆடுபவருக்கு எதுவும் தெரிவதில்லை. பெரிய எண் வந்தது, அவ்வளவுதான்.

மாறாக, நீங்களே செய்த மிகச் சிறந்த வேலை ஒன்று கண்முன்னால் இருக்கிறது. 2003-இல் வந்த ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன். பார்ட்டியில் (நாயகனின் குழுவில்) நால்வர் இருந்தால் நான்கு டர்ன் சின்னங்கள், அதாவது நான்கு வாய்ப்புகள். எதிரியின் பலவீனத்தில் அடித்தாலோ கிரிட்டிக்கல் (தற்செயலாக விழும் பலத்த அடி) விழுந்தாலோ அரைச் சின்னம்தான் செலவு. ஆகவே சரியாக ஆடினால் நான்கு எட்டாகும். அடி தவறினாலோ எதிரிக்கு அது செல்லாமல் போனாலோ இரண்டு சின்னம் போகும். உறிஞ்சிக்கொண்டாலோ திருப்பி அடித்தாலோ எல்லாமே போய்விடும். எதிரிக்கும் இதே சட்டம்தான்.

நாக்டர்னின் 2004 மறு பதிப்பில் மட்டடோர் என்ற பாஸ் ஆரம்பத்திலேயே வருகிறான். சிவப்புத் துணியை வீசி, அடியைத் தவிர்க்கும் திறனை ஒரே தடவையில் உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறான். அதுவரை ‘தாக்கு’ என்று அழுத்திப் பழகியவர்களின் அடி வரிசையாகத் தவறும். ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு டர்ன் போகும், பிறகு அவன் ஃபோர்ஸ் என்ற வகை மந்திரத்தால் மொத்தப் பார்ட்டியையும் அறைவான். அந்த மந்திரத்துக்குப் பலவீனமான ஒரு பேய் கூட்டாளியாகப் பார்ட்டியில் இருந்தாலும் அவனுக்குக் கூடுதல் டர்ன். லெவலை ஐந்து ஏற்றிக்கொண்டு வந்தாலும் இது பெரிதாக மாறாது. வழி வேறு. ஃபோர்ஸைச் செல்லாததாக்கும் மகதாமாவை (சக்தி தரும் பொருளை) நாயகனுக்கு மாட்ட வேண்டும். ஃபோர்ஸுக்குப் பலவீனமான பேய்களைக் கழித்துவிட்டு அதைத் தாங்கும் பேய்களைப் பேசிச் சேர்க்கவோ இணைத்து உருவாக்கவோ வேண்டும். சண்டை தொடங்கியதும் அடிக்காமல், சுகுண்டா போட்டு அவன் வேகத்தை இறக்கி, சுகுகாஜா போட்டு நம்முடையதை ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று சுற்று இதற்கே போகும். அப்புறம் அடி விழ ஆரம்பிக்கும். தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று தெரிகிறது, ஜெயித்தவருக்கு எதனால் ஜெயித்தோம் என்று தெரிகிறது. மீதிக் கேம் முழுவதற்குமான பாடத்தை ஒரு சண்டை நடத்தி முடிக்கிறது. இதைப் பழைய பாணி என்று யாராவது சொன்னால் அவர்கள் இந்தச் சண்டையை ஆடவில்லை.

இதோடு ஒப்பிட்டால், உங்கள் பல கேம்களில் விஷமும் தூக்கமும் வாயடைப்பும் வெறும் அலங்காரம். சாதாரண எதிரிக்கு அவை வேலை செய்யும். ஆனால் அவன் இரண்டு அடியில் சாவான், போடுவது வீண். பாஸுக்குப் போட்டால் நன்றாக இருக்கும். ஆனால் பாஸுக்கு எதுவும் ஏறாது. அப்படியானால் மந்திரப் பட்டியலில் பாதியை எதற்கு எங்கள் கையில் கொடுக்கிறீர்கள்? பாஸைத் தூங்கவைத்துக்கொண்டே இருந்தால் சண்டை கெட்டுவிடும் என்ற உங்கள் பயம் புரிகிறது. அதற்கும் உங்களிடமே தீர்வு உண்டு. 2007-இல் தொடங்கிய எட்ரியன் ஒடிசி தொடரில் விஷம், தூக்கம் போன்ற ஒரு நிலை ஒருமுறை ஏறினால் அதே எதிரிக்கு அதே நிலைக்கான எதிர்ப்புச் சக்தி கூடும், அடுத்தமுறை ஏற்றுவது கடினம். ஆகவே எப்போது போடுவது என்பதுதான் கேள்வி. பாஸ் பெரிய அடிக்குத் தயாராகும் சுற்றுக்காகக் கையைக் கட்டும் ஸ்கில்லைச் சேமித்து வைப்பவரும், முதல் சுற்றிலேயே வீணாக்குபவரும் வேறு வேறு சண்டை ஆடுகிறார்கள்.

நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகளும் ஒவ்வொன்றாக உங்களிடம் பிறந்து, ஒவ்வொன்றாக மறக்கப்பட்டவை. 1994-இல் மதர் 2: பலவீனமான எதிரிமேல் மோதினால் சண்டைத் திரையே வராது, ஜெயித்ததாகக் கணக்கிட்டுப் புள்ளியைக் கொடுத்துவிடும். பிறகு பிரேவ்லி டிஃபால்ட்: எதிரிகள் எத்தனை முறை வர வேண்டும் என்பதைப் பூஜ்யம் முதல் இரட்டிப்பு வரை ஆடுபவரே வைத்துக்கொள்ளலாம். (அதே கேம் பிற்பாதியில் அதே பாஸ்களை மறுபடி மறுபடி அடிக்கவைத்தது வேறு வருத்தம்.) 2024-இல் மெட்டஃபர்: ரீஃபேன்டஸியோ: பலவீனமான எதிரியை மேப்பிலேயே வெட்டித் தள்ளலாம், பலமானவனுக்கு மட்டும் டர்ன்-பேஸ்ட் சண்டை, தவறாகத் தொடங்கிய சண்டையை அங்கேயே மறுபடி ஆரம்பிக்கலாம். ஒரு கேமில் நல்லது வந்தால் அடுத்த பத்து கேம்களில் அது இருக்க வேண்டாமா? உங்களிடம் அது நடப்பதில்லை. 30 வருடம் முன்பு தீர்த்த தொல்லையை இன்றும் புதிதாக எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

கதைக்கு வருகிறோம். மேற்கத்திய கேம்களோடு ஒப்பிடும்போது உங்களுக்கு மிக அதிகமாக அடி விழும் இடம் இது, அந்த அடி பெரும்பாலும் நியாயமானதும்கூட. 1997-இன் ஃபால்அவுட்டில் கடைசி எதிரியைச் சுட வேண்டிய அவசியமே இல்லை. அவன் உருவாக்கும் புது இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்ற ஆதாரத்தைத் தேடி எடுத்துப்போய்க் காட்டினால், தன் திட்டம் தோற்றதை அவனே உணர்ந்துகொள்கிறான். உங்களிடமோ இரண்டு பதில் உள்ள பெட்டி வருகிறது. எதை அழுத்தினாலும் எதிரில் இருப்பவர் அதே அடுத்த வரியைச் சொல்கிறார்.

ஜப்பானியக் கதைமுறை நேர்கோட்டுக் கதைமுறை, அதன் இயல்பு அது, என்று பதில் சொல்லாதீர்கள். 1986-இன் முதல் டிராகன் குவெஸ்ட்டில் இளவரசி கேட்கும் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் ‘ஆம்’ என்னும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆனால் அதே கேமின் முடிவில் டிராகன் அரசன் பாதி உலகம் தருகிறேன் என்று கூப்பிடுவான், ஒத்துக்கொண்டால் நாயகனின் பயணம் அதோடு முடிந்தது. 2016-இல் வந்த டிராகன் குவெஸ்ட் பில்டர்ஸ் அப்படி ஒத்துக்கொண்ட நாயகனின் உலகத்தில்தான் நடக்கிறது. 1994-இன் லைவ் எ லைவில் நிஞ்ஜா அத்தியாயத்தை ஒருவரையும் கொல்லாமலும் முடிக்கலாம், நூறு பேரைக் கொன்றும் முடிக்கலாம். கேம் எண்ணிக்கொண்டே இருக்கும். 1995-இன் டாக்டிக்ஸ் ஓகரில் சொந்த மக்களைக் கொன்றுவிட்டுப் பழியை எதிரிமேல் போடச் சொல்லும் உத்தரவு வருகிறது. கீழ்ப்படிந்தால் ஒரு பாதை, மறுத்தால் வேறு பாதை; கூட இருந்த நண்பன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதே மாறுகிறது. இது உங்கள் மரபு. ஒருவரும் உங்களுக்கு வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

நேர்கோட்டுக் கதை தவறு என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒரே பாதையில் போகும் கதையில்தான் உங்கள் ஆட்கள் ஆழம் கண்டிருக்கிறார்கள். 2004-இல் தொடங்கிய சோரா நோ கிசேகி வரிசையில் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஊரிலுள்ள அத்தனை பேரின் பேச்சும் மாறுகிறது. தேர்வே இல்லாவிட்டாலும் உலகம் உயிரோடு இருக்கிறது. 2018-இன் ஆக்டோபாத் டிராவலரில் நேர்மாறு: ஒருவரின் கதைக் காட்சி நடக்கும்போது கூட நடந்துவந்த மற்ற மூவரும் காட்சியில் காணாமலேயே போகிறார்கள். அந்தச் சண்டை அமைப்பு அருமை, கவசத்தை உடைக்கும் கணக்கு அருமை. ஆனால் நான்கு பேர் சேர்ந்து பயணிக்கிறார்கள் என்பதையே கதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது என்ன பார்ட்டி? 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சேர்ந்து நடக்கும் கதைகளைச் சேர்த்தீர்கள். கேட்டால் செய்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சி, அதனால்தான் எழுதுகிறோம்.

இன்னொரு வழக்கம், கட்டுப்பாட்டைத் துளித்துளியாகக் கையில் கொடுப்பது. 2009-இன் ஃபைனல் ஃபேன்டஸி 13-இல் பாரடைம் (பார்ட்டியின் பங்குகளைச் சண்டைக்கு நடுவே மாற்றும்) சண்டை அமைப்பு உண்மையிலேயே கூர்மையானது; எதிரியின் தற்காப்பைக் குலைக்கும் நிலைகள் பாஸ்மேலும் ஏறும். ஆனால் பார்ட்டியை நம் விருப்பப்படி அமைக்கும் உரிமை பாதிக் கேம் தாண்டித்தான் கிடைக்கிறது, உலகம் விரிவது 11-ஆம் அத்தியாயத்தில். அத்தனை மணிநேரமும் குறுகிய நடைபாதை. நல்ல அமைப்பைப் பூட்டிவைத்துவிட்டு, யாருக்கும் பிடிக்கவில்லை என்று பிறகு அந்த அமைப்பின்மேல் பழி போட்டால் எப்படி?

மேற்கத்திய கேம்களிலிருந்து எடுக்கக் கூடாததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் சரியாக அதைத்தான் எடுக்கிறீர்கள். கோபுரத்தில் ஏறினால் மேப்பில் புள்ளிகள் முளைக்கும் ஏற்பாடு அங்கேயே சலித்துப்போன சரக்கு. 2024-இன் ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்தில் ஒவ்வொரு பகுதியிலும் அதை வைத்தீர்கள். அவ்வளவு அழகான நிலப்பரப்பை உருவாக்கிவிட்டு அதைப் புள்ளிகளின் பட்டியலாக மாற்றியது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆடுபவரின் லெவலோடு உலகமே ஏறும் முறையும் அப்படித்தான்: 2006-இன் ஆப்லிவியனில் லெவல் ஏற ஏற, வழிப்பறிக் கொள்ளையன்கூடக் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து சில்லறை கேட்டான். பலமானோம் என்ற உணர்வே செத்துப்போனது. திறந்த உலகம் வேண்டுமென்றால் 2022-இன் எல்டன் ரிங்கைப் பாருங்கள், அதுவும் ஜப்பானில் செய்ததுதான். குவெஸ்ட் அம்புக்குறி இல்லை, தொலைவில் தெரியும் வெளிச்சமும் இடிந்த கோட்டையும்தான் வழிகாட்டி; தாங்க முடியாத எதிரி எதிரே வந்தால் வேறு பக்கம் போய்விட்டுத் திரும்பி வரலாம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

வடிவமைப்பாளர்களே, அடுத்த கேமில் ஒரு டஞ்சனின் சண்டைகளை மூன்றில் ஒன்றாகக் குறையுங்கள், மிஞ்சியதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வையுங்கள். ஒரே பட்டனை மட்டும் அழுத்தி ஒருவரை ஆடவிட்டுச் சோதியுங்கள். அவர் ஜெயித்தால் அந்தச் சண்டையை நீக்குங்கள் அல்லது தானாக முடிந்துவிடும்படி செய்யுங்கள். பாஸ் எல்லாவற்றுக்கும் விலக்குப் பெற்றவர் என்ற விதியை எடுத்துவிட்டு, ஏற ஏற எதிர்ப்புக் கூடும் முறையைக் கொண்டுவாருங்கள். பலவீனத்தை ஒருமுறை கண்டுபிடித்த பிறகு அதையே அழுத்திக்கொண்டிருக்கும் சலிப்பும் வேண்டாம். சண்டையின் நடுவில் பாஸ் தன் தன்மையை மாற்றட்டும், மாற்றப்போவதை ஒரு சுற்று முன்னால் காட்டட்டும். எந்த அனிமேஷனையும் வேகப்படுத்தவும் தாண்டவும் பட்டன் வேண்டும், முதல்முறை பார்க்கும்போதே. எங்கும் சேவ் செய்ய முடிய வேண்டும். 2006-இல் ஃபைனல் ஃபேன்டஸி 12 வந்தபோது, எந்தக் குறிப்பும் இல்லாத நான்கு பெட்டிகளைத் திறந்துவிட்டால் பிறகு சோடியாக் ஈட்டி என்ற பலமான ஆயுதம் அந்த இடத்தில் கிடைக்காது என்று வைத்தீர்களே, அந்த மாதிரி இனி ஒருபோதும் வேண்டாம். மறு வெளியீட்டில் நீங்களே அதை எடுத்துவிட்டீர்கள்.

எழுத்தாளர்களே, கதை மாறாது என்றால் கேட்காதீர்கள். கேட்டால், குறைந்தது ஓர் ஆளாவது பத்து மணிநேரம் கழித்து அந்தப் பதிலை நினைவு வைத்துப் பேசட்டும். பார்ட்டியில் இருப்பவர் காட்சியிலும் இருக்கட்டும். முதல் மூன்று மணிநேரத்துக்குள் பார்ட்டியை எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

வெளியீட்டாளர்களே, அனுபவப் புள்ளிகளையும் காசையும் தனியாக விற்பதை நிறுத்துங்கள். லெவல் ஏறுவது அலுப்பாக இருப்பதால்தான் அதைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்றால், அலுப்பாகவே வைத்திருப்பதில் உங்களுக்கு லாபம் என்று ஆகிறது. உங்கள் வடிவமைப்பாளர்களை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். ஆர்பிஜி என்றால் இப்போது ஆக்‌ஷன்தான் விற்கும் என்று அவர்களிடம் சொல்வதையும் நிறுத்துங்கள். கடைசியாக ஒன்று: டெமோவில் கேமின் தொடக்கத்தை வைக்காதீர்கள். அறிமுகக் காட்சியும் பயிற்சிச் சண்டையும் எங்களுக்கு எதுவும் சொல்வதில்லை. நடுவிலிருந்து ஒரு டஞ்சனை எடுத்து, முழுப் பார்ட்டி, எல்லா ஸ்கில்லும் திறந்த நிலையில், பாஸோடு சேர்த்துக் கொடுங்கள். தோற்றுப்போனால் எதை மாற்றி மறுபடி போகலாம் என்று யோசிக்க அதில் இடம் இருக்கட்டும்.